காற்றுத் துப்பாக்கியின் லிவர்: நீட்டுவதற்கு முன் கொஞ்சம் வரலாறு

மெரினாவில் பலூன் சுட்டிருக்கிறீர்களா? கடைக்காரர் துப்பாக்கியின் குழலை மடக்குவார், 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், சின்ன ஈயப் பெல்லட் ஒன்றைச் செருகுவார், குழலை நிமிர்த்தி உங்கள் கையில் கொடுப்பார். நாம் எல்லோரும் பலூனைத்தான் பார்க்கிறோம். இந்த இதழில் அவர் மடக்கியதைப் பற்றிப் பேசுவோம்.

காரணம் இருக்கிறது. பரண் சுத்தம் செய்யும்போது தாத்தா காலத்து ஏர் ரைஃபிள் ஒன்று கிடைத்ததாகவும், அதன் லிவர் வளைந்து ஆடுவதாகவும், பட்டறையில் கொடுத்து அதைவிட நீளமான லிவர் ஒன்று செய்து மாட்டலாமா என்றும் நம் குடியிருப்பில் ஒருவர் கேட்டார். "நீளமாக இருந்தால் இழுக்கச் சுலபம், வேகமும் கூடும் அல்லவா?" என்பது அவர் கேள்வி. கேள்வியின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தவறு. ஆனால் கேள்வியிலேயே வராத மூன்றாவது விஷயம் ஒன்று உண்டு. அதுதான் விரல். அது புரிய வேண்டுமானால் இந்த லிவர் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

லிவர் இல்லாத காலம்

காற்றால் குண்டை எறியும் துப்பாக்கி இரண்டு வகை. ஒன்று, காற்றை முன்கூட்டியே அடைத்து வைத்துக்கொள்வது. மற்றது, சுடும் கணத்தில் காற்றை அழுத்துவது.

முதல் வகையில் மிகப் புகழ் பெற்றது ஆஸ்திரிய ராணுவத்தின் ஜிரார்டோனி துப்பாக்கி. டைரோல் பகுதியைச் சேர்ந்த பார்த்தலோமியஸ் ஜிரார்டோனி வடிவமைத்தது. 1780 முதல் சில பத்தாண்டுகள் அது படையில் இருந்தது. துப்பாக்கியின் பின்கட்டையே காற்றுக் கலன். அதை நிரப்ப ஏறத்தாழ 1500 முறை பம்ப் அடிக்க வேண்டும். நம் தெரு அடி பம்பில் நாலு குடம் பிடித்தவர்களுக்கே தோள்பட்டை எப்படி இருக்கும் என்று தெரியும். 1500 தடவை அடித்த பிறகு சிப்பாய் குறி பார்க்க வேண்டும். 1804 முதல் 1806 வரை அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்காகக் கடந்த லூயிஸ், கிளார்க் குழுவினரும் ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டு போனார்கள். வழியில் சந்தித்த பழங்குடி மக்களிடம் அதைச் சுட்டுக் காட்டி வியக்க வைத்தார்கள்.

இரண்டாவது வகையின் மூதாதை கொல்லன் பட்டறைத் துருத்தியின் தங்கை எனலாம். ஐரோப்பாவில் சில பழைய துப்பாக்கிகளின் கட்டைக்குள் தோல் துருத்தி ஒன்று இருந்தது. வலுவான ஸ்பிரிங்குகள் அதை அமுக்கக் காத்திருக்கும். ஒரு கைப்பிடியைச் சுழற்றி ஸ்பிரிங்கை ஏற்ற வேண்டும். விசையை அழுத்தினால் துருத்தி சட்டென்று மூடிக்கொண்டு காற்றைத் தள்ளும். பிறகு தோல் துருத்தியின் இடத்தை உலோகச் சிலிண்டரும் பிஸ்டனும் பிடித்தன. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க நகரங்களின் சுடுகூடங்களில் காசு கொடுத்துச் சுட்ட துப்பாக்கிகள் பலவும் இப்படி ஸ்பிரிங்கால் இயங்கியவை. சிலவற்றில் சுழற்றும் கைப்பிடி இருந்தது. சிலவற்றில் ட்ரிக்கரைச் சுற்றியுள்ள காப்பு வளையமே லிவராக விரிந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் காற்று சேமித்து வைக்கப்படுவதில்லை. சேமிக்கப்படுவது உங்கள் கை உழைப்பு. அதை ஸ்பிரிங் வாங்கி வைத்துக்கொள்கிறது. ட்ரிக்கருக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறு கொக்கி அதைப் பிடித்து நிறுத்துகிறது. கையின் உழைப்பை ஸ்பிரிங்கிடம் கொண்டு சேர்க்கும் வழிதான் லிவர்.

குழலே லிவர் ஆனது

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இந்த உழைப்பைச் சுலபமாக்க ஒரு நல்ல யோசனை வந்தது. தனியாக ஒரு கைப்பிடி எதற்கு? துப்பாக்கியில் ஏற்கெனவே நீளமான கம்பி ஒன்று இருக்கிறதே, அதுதான் குழல். அதன் அடியில் ஒரு கீல் வைத்து மடக்கினால், கீலுடன் இணைந்த சிறு கம்பி பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். குழலின் பின்வாயும் திறந்துகொள்ளும், பெல்லட்டை அங்கேயே செருகிவிடலாம். ஒரே அசைவில் இரண்டு வேலை. உறுப்புகள் குறைவு, விலையும் குறைவு. 1890இல் ஜெர்மனியின் ராஸ்டாட் ஊரில் தொடங்கிய நிறுவனத்தின் 'டயானா' துப்பாக்கிகள் முதல் நம் கடற்கரைக் கடைத் துப்பாக்கிவரை இந்த வடிவம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்திருப்பதற்கு அதுவே காரணம்.

அதே சமயத்தில் அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. மிச்சிகன் மாநிலத்தின் பிளிமத் ஊரில் இரும்புக் காற்றாலை விற்ற நிறுவனம் ஒன்று, காற்றாலை வாங்கும் விவசாயிகளுக்கு உலோகத்தால் ஆன சிறிய காற்றுத் துப்பாக்கியை இனாமாகக் கொடுத்தது. இனாமுக்குக் கிடைத்த வரவேற்பு காற்றாலைக்குக் கிடைக்கவில்லை. 1895இல் நிறுவனம் தன் பெயரையே 'டெய்ஸி' என்று துப்பாக்கியின் பெயருக்கு மாற்றிக்கொண்டது. சிறுவர்கள் இழுக்கும்படி மெல்லிய ஸ்பிரிங், அதற்கேற்ற சிறிய லிவர். லிவரின் அளவைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்கும் இழுப்பவரின் கையும்தான் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

குழலை மடக்கும் முறையில் ஒரு குறை இருந்தது. குறி பார்க்கும் உறுப்பையே நெம்புகோலாகவும் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு முறையும் அதைப் பிடித்து இழுக்கிறோம். கீல் தேய்ந்தால் குழல் பழைய இடத்துக்கே சரியாகத் திரும்பாது. மயிரிழை விலகினாலும் இலக்கில் அது பெரிதாகத் தெரியும்.

பர்மிங்காமின் தீர்வு

இந்தக் குறையைத் தீர்த்தவர் இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த லிங்கன் ஜெஃப்ரீஸ். 1904இல் அவர் காப்புரிமை பெற்ற வடிவத்தில் குழல் அசையாது. அதற்கு அடியில் தனியாக ஒரு லிவர் தொங்கும். அதைக் கீழே இழுத்தால் ஸ்பிரிங் ஏறும். 1905 முதல் இந்தத் துப்பாக்கியைத் தயாரித்தது பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் நிறுவனம். சுருக்கமாக பி.எஸ்.ஏ.

ஆம், நீங்கள் நினைக்கும் அதே பி.எஸ்.ஏ.தான். பர்மிங்காமின் துப்பாக்கித் தொழிலாளர்கள் 1861இல் ஒன்றுசேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. பிறகு சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் செய்தது. ஒன்றன்மீது ஒன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள்தான் அதன் முத்திரை. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த பி.எஸ்.ஏ. சைக்கிளில் நம்மில் பலர் பள்ளிக்கூடம் போயிருக்கிறோம். அந்த மூன்று எழுத்துகளுக்குள் துப்பாக்கி இருப்பது பலருக்குத் தெரியாது.

அசையாத குழலுக்கு அப்போது நல்ல தேவை இருந்தது. இங்கிலாந்தின் மதுக்கடைகளில் 'மணி இலக்கு' என்ற போட்டி பரவியிருந்தது. 6 கஜ தூரத்தில் ஓர் இரும்புத் தகடு, அதன் நடுவில் சுண்டுவிரல் நுழையுமளவு துளை, பின்னால் ஒரு மணி. பெல்லட் துளை வழியாகப் போனால் மணி அடிக்கும். இந்த விளையாட்டுக்குக் கீல் ஆடும் துப்பாக்கி உதவாது.

ஆனால் குழல் அசையாது என்றால் பெல்லட்டை எங்கே போடுவது? ஜெஃப்ரீஸின் துப்பாக்கியில் ஒரு குழாய்த் திருகு இருந்தது. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் உள்ளே சுழலும் துளையிட்ட உருளையைப் போன்றதுதான். அதைத் திருப்பினால் மேலே ஒரு துளை தெரியும். பெல்லட்டை அதில் போட்டுவிட்டு மறுபடி திருப்பினால் பெல்லட் குழலுக்கு நேராக வந்து நிற்கும். 1948இல் வந்த பி.எஸ்.ஏ. ஏர்ஸ்போர்ட்டர் இதையே இன்னும் அழகாக்கியது. லிவர் முன்கட்டைக்குள் மறைந்திருக்கும், இழுத்தால் திருகு தானாகத் திறந்துகொள்ளும்.

இந்தத் திருகில் இன்னொரு நன்மை இருந்தது. உங்கள் விரல் துப்பாக்கியின் மேற்பரப்பில் இருக்கும் சிறு குழிவரைதான் போகும். உள்ளே ஸ்பிரிங்கின் பாதையில் அது ஒருபோதும் நுழையாது.

விரல் நுழைந்த வழி

திருகுக்கும் ஒரு குறை உண்டு. காற்று கொஞ்சம் கசியும். பெல்லட் திருகிலிருந்து குழலுக்குத் தாவும்போது இம்மியளவு பிசகினாலும் அது நசுங்கும். இன்னும் துல்லியம் வேண்டும் என்றவர்கள் பெல்லட்டை நேராகக் குழலின் பின்வாயில் கையால் செருக விரும்பினார்கள். அதற்காக அழுத்தச் சிலிண்டரையே நகரும்படி செய்தார்கள். லிவரை இழுத்தால் பிஸ்டனோடு சிலிண்டரும் பின்னுக்குப் போகும். குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இடைவெளி கிடைக்கும். அதற்குள் விரலை விட்டு பெல்லட்டைச் செருகலாம். 1980களில் இங்கிலாந்தில் திறந்தவெளிக் குறிபார்க்கும் போட்டி பரவியபோது பெயர் வாங்கிய வைரவுக் எச்.டபிள்யூ. 77 இப்படிப்பட்டது. அதில் லிவர் அடியில் இருக்கும். டயானா 48, 52 ஆகியவற்றில் பக்கவாட்டில் இருக்கும்.

துல்லியம் கிடைத்தது. ஆனால் இப்போது அந்த இடைவெளிக்குள் இருப்பது யார்? உங்கள் விரல். பின்னால் முழு அழுத்தத்தில் ஸ்பிரிங் காத்திருக்கிறது. அதைப் பிடித்திருப்பது ட்ரிக்கரின் சிறு கொக்கி மட்டுமே. கொக்கி தேய்ந்து நழுவினால் சிலிண்டர் கண் இமைக்கும் நேரத்தில் முன்னால் பாய்ந்து மூடும். நடுவில் இருக்கும் விரலை அது துண்டித்துவிடக்கூடும். துப்பாக்கிக்காரர்கள் இந்த ஆபத்துக்கு வைத்த பெயர் 'கரடிப் பொறி'.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் லிவரில் இருக்கும் ராட்செட் பற்கள். சைக்கிள் பெடலைப் பின்னால் சுற்றும்போது ஃப்ரீவீலில் 'டிக் டிக் டிக்' என்று கேட்கும் அல்லவா? அதே வித்தை. லிவரை இழுக்கும்போது ஒவ்வொரு பல்லிலும் ஒரு நாக்கு விழுந்து பிடித்துக்கொள்கிறது. ட்ரிக்கர் கொக்கி நழுவினாலும், உங்கள் கை வழுக்கினாலும், சிலிண்டர் அந்தப் பல்லைத் தாண்டி முன்னால் வராது. பெல்லட்டைச் செருகிய பிறகு ஒரு பொத்தானை அழுத்தி, லிவரைக் கையில் பிடித்தபடியே மெதுவாகத் திரும்ப விட வேண்டும்.

பழைய துப்பாக்கியைக் கையில் எடுப்பவருக்கு இந்தப் பற்களும் நாக்கும் தொந்தரவாகத்தான் தெரியும். சத்தம் போடும், சில சமயம் சிக்கும், லிவரைத் திரும்ப விடாமல் அடம்பிடிக்கும். பட்டறையில் புது லிவர் செய்பவருக்கு இவை எதற்கு என்றே தெரியாது. பழைய லிவரின் நீளத்தையும் துளைகளையும் அளந்து, வழவழப்பான ஒரு கம்பியை அருமையாகச் செய்து கொடுத்துவிடுவார். இழுக்கும்போது முன்பைவிட இதமாக இருக்கும். போனது விரலைக் காத்த ஒரே பொருள்.

பந்தயத் துப்பாக்கியில் லிவர் சுருங்கியது

1966இல் ஜெர்மனியின் வீஸ்பாடனில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி சேர்க்கப்பட்டது. 1984 லாஸ் ஏஞ்சலஸில் ஒலிம்பிக்குக்கும் வந்தது. பந்தயத்தில் லிவர் ஒரு பெரிய விஷயம். 60 முறை சுட வேண்டுமானால் 60 முறை இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் மூச்சையும் நிற்கும் நிலையையும் கலைக்கும். ஃபைன்வெர்க்பாவ் 300 போன்ற துப்பாக்கிகளின் பக்கவாட்டு லிவர் இதற்காகவே வழுவழுப்பாக, அளவாகச் செய்யப்பட்டது. 1970களில் வால்தர் எல்.ஜி.ஆர். ஸ்பிரிங்கையே கைவிட்டு, லிவரின் ஒரே இழுப்பில் காற்றை அழுத்தி அடைத்து வைத்தது. அதிர்வு போயிற்று.

பிறகு மறுபடி ஜிரார்டோனியின் வழிக்கே உலகம் திரும்பியது. இன்றைய பந்தயத் துப்பாக்கியில் 200 பார் அளவுக்கு அழுத்தப்பட்ட காற்று ஒரு சிலிண்டரில் இருக்கிறது. லிவர் என்பது இரண்டு விரலால் இழுக்கும் சிறு பிடிதான். 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 700.5 புள்ளிகளுடன் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றது இந்த 10 மீட்டர் போட்டியில்தான். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இதிலேதான்.

ஆபத்தும் லிவரிலிருந்து சிலிண்டருக்கு இடம் மாறியது. அதனால் பந்தயத் துப்பாக்கியின் காற்றுச் சிலிண்டருக்குக் காலாவதித் தேதி உண்டு. அது கடந்துவிடாமல் பார்த்துக்கொள்வது வீரரின் பொறுப்பு. நம் சமையல் காஸ் சிலிண்டரின் கழுத்தில் பரிசோதனைத் தேதி இருப்பதைப் போலத்தான்.

நீட்டினால் என்ன ஆகும்?

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

ஒரு கணக்கு போடுவோம். ஸ்பிரிங்கை 8 சென்டிமீட்டர் அமுக்க வேண்டும். லிவரின் நுனி அதற்காக 48 சென்டிமீட்டர் நகர்கிறது. அதாவது 6 மடங்கு. ஸ்பிரிங் 60 கிலோ எடைக்கு ஈடாகத் தள்ளினால் உங்கள் கைக்குத் தெரிவது சுமார் 10 கிலோ. லிவரை ஐந்தில் ஒரு பங்கு நீட்டினால் கைக்கு 8 கிலோ சொச்சம்தான் தெரியும். ஆனால் கை 58 சென்டிமீட்டர் நகர வேண்டும். விசை குறைந்தது, தூரம் கூடியது, இரண்டையும் பெருக்கினால் அதே உழைப்பு. ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவுதான் பெல்லட்டுக்குப் போகும். ஆகவே லிவரை நீட்டினால் இழுக்கச் சுலபம், வேகத்தில் மாற்றம் இல்லை.

கைக்குக் குறைவாகத் தெரிவதே ஒரு தீமை. ஸ்பேனரின் பிடியில் இரும்புக் குழாயைச் செருகித் திருகும் மெக்கானிக்கைப் பார்த்திருப்பீர்கள். கைக்குச் சுகமாக இருக்கும், போல்ட் தலை போய்விடும். இங்கேயும் லிவர் தடுத்து நிற்கும் இடத்துக்குப் பிறகும் அறியாமல் இழுத்துவிடுவோம். கீல் ஆணி வளையும், இணைப்புக் கம்பி அதன் பள்ளத்திலிருந்து பிதுங்கும். நீண்ட லிவர் பக்கவாட்டில் ஆடும்போது அந்த வளைவும் கீலில்தான் விழும்.

குழல் மடக்கும் துப்பாக்கியிலும் ஓர் ஆபத்து உண்டு. குழல் மடங்கிய நிலையில் ட்ரிக்கர் அழுந்தினால் குழல் படாரென்று நிமிர்ந்து மூடும். குழல் வளையும், கட்டை பிளக்கும். நடுவில் கை இருந்தால் எலும்பு முறியும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பெல்லட்டைச் செருகி முடிக்கும்வரை ஒரு கையால் குழலை விடாமல் பிடித்திருக்கிறார்கள்.

உங்கள் பரணில் ஒன்று இருந்தால்

முதலில், குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கவனித்து எடுங்கள். ஸ்பிரிங் ஏற்றியபடியே வைக்கப்பட்டிருக்கலாம், உள்ளே பெல்லட்டும் இருக்கலாம். பிள்ளைகள் இருக்கும் அறையில் வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டாம். ஸ்பிரிங் முழுதும் தளர்ந்திருக்கும்போதும் அது சிலிண்டருக்குள் ஓரளவு அமுங்கியே இருக்கும். பின்மூடியைக் கழற்றினால் அது பாய்ந்து வரும். அதைப் பிரிப்பதற்கென்றே அழுத்திப் பிடிக்கும் கருவி இருக்கிறது.

லிவர் ஆடினால் உடனே லிவரை மாற்ற வேண்டியதில்லை. பெரும்பாலும் தேய்ந்திருப்பது கீல் ஆணி, அல்லது லிவரின் நுனியைக் கவ்விப் பிடிக்கும் சிறு குண்டும் அதன் ஸ்பிரிங்கும். பழைய அடி லிவர் துப்பாக்கிகளில் சுடும்போது லிவர் தொங்கிவிடுவதற்கும் இதுவே காரணம். இவற்றை மாற்றுவது சின்ன வேலை. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைப்பது தீர்வல்ல.

லிவரே உடைந்திருந்தால் அதே மாடலுக்கான லிவரைத் தேடுங்கள். கிடைக்காமல் புதிதாகச் செய்தே ஆக வேண்டுமென்றால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், பழைய லிவரையும் உடன் கொடுங்கள். திரும்பி வந்ததும் பற்களும் நாக்கும் இருக்கின்றனவா என்று கேட்டு, இழுத்துப் பார்த்து, 'டிக் டிக்' சத்தத்தைக் காதால் கேட்ட பிறகு வாங்குங்கள். அந்தச் சத்தம் இருந்த துப்பாக்கியில் இப்போது இல்லையென்றால் அதில் விரல் வைக்காதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் உள்ளதோ, 4.5 மில்லிமீட்டருக்கு மேல் குழல் விட்டம் உள்ளதோ ஆன காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். லிவர் மாற்றும் சாக்கில் கனமான ஸ்பிரிங்கையும் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள். பால்கனியிலிருந்து புறாவையோ தெருநாயையோ சுடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பந்தயத் துப்பாக்கியின் ஆற்றல் 8 ஜூலுக்குள்தான். அதுவே ஒரு கண்ணைப் பறிக்கப் போதும். நம் வளாகத்தில் எந்தத் தளத்திலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் அந்தத் தூரத்துக்குள் யாராவது நடந்துகொண்டிருக்கிறார்கள்.

சுட வேண்டும் என்ற ஆசை உண்மையாகவே இருந்தால் ஒரு ரைஃபிள் கிளப்பில் சேருங்கள். பிள்ளைகளையும் சேருங்கள். அங்கே முதல் நாள் கற்றுத் தருவது குறி பார்ப்பதை அல்ல. லிவரைப் பிடிப்பதைத்தான்.